பாதியில் எழுந்து போகலாம்

கட்டை லேஸ் பின்னுகிற பெண் நடுவில் எழுந்து போனால் ஒன்றும் கெட்டுவிடாது. அவள் முன்னால் கெட்டியாக அடைத்த ஒரு தலையணை. அதன் மேல் துளையிட்ட தடித்த காகிதம், துளைகளில் குத்திய குண்டூசிகள். நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாகக் கிடக்கும். ஒரு நேரத்தில் நான்கு கட்டைகளை மட்டும் கையில் எடுத்து, குறுக்கே மாற்றி, முறுக்கி, ஒரு குண்டூசி குத்தினால் பின்னல் அந்த இடத்தில் நின்றுவிடும். பிள்ளை அழுகிறதா, பால் பொங்குகிறதா, வாசலில் யாராவது கூப்பிடுகிறார்களா? கட்டைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போகலாம். ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் கடைசிக் குண்டூசி நிற்கிற இடத்திலிருந்து தொடரலாம்.

ஒரே ஒரு நிபந்தனை, கை சுத்தமாக இருக்க வேண்டும். நூல் வெள்ளை, எண்ணெய்ப் பிசுக்கும் அடுப்புக்கரியும் ஒட்டினால் நாள் முழுக்கப் பின்னியது வீண். சமையலறையும் லேஸும் ஒரே கையில் இருந்தால் அந்தக் கையை எத்தனை தடவை கழுவ வேண்டியிருக்கும் என்று, லேஸ் கற்றுக்கொடுத்த கிறிஸ்தவ மிஷன்களின் எந்த அறிக்கையும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

1970-ல் ஜூடித் பிரவுன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் சில பக்கங்களே கொண்ட ஒரு குறிப்பு எழுதினார். எந்தச் சமூகத்திலும் பெண்கள் கையில் எந்த வேலை வந்து சேர்கிறது என்பது கேள்வி. அவர் சொன்ன பதில், குழந்தை வளர்ப்போடு ஒத்துப்போகிற வேலை. வீட்டை விட்டு வெகுதூரம் போகக் கூடாது. பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு ஆபத்து வரக் கூடாது. முழுக் கவனத்தையும் உறிஞ்சக் கூடாது. பாதியில் நிறுத்தி மறுபடி எடுக்க வசதியாக இருக்க வேண்டும். துணி வரலாற்றை ஆராய்ந்த எலிசபெத் வேலண்ட் பார்பர் 1994-ல் வந்த தன் புத்தகத்தில் இதையே பிடித்துக்கொண்டு, இருபதாயிரம் ஆண்டுகளாக நூலும் ஊசியும் ஏன் பெண்கள் பக்கமே இருந்தன என்று விளக்கினார். எல்லா ஊருக்கும் இந்த விதி பொருந்துமா என்று வாதாடலாம். தமிழ்நாட்டு வீடுகளில் கடந்த இருநூறு வருடங்களாகக் கைவேலை நுழைந்த விதத்தைப் பார்த்தால் ஏறக்குறைய ஒவ்வொரு இடத்திலும் பொருந்துகிறது.

அதற்கும் முன்னால் வீட்டுக்குள் இருந்தது நூற்பு. சங்கப் பாடல்களில் பருத்திப் பெண்டு வருகிறாள். புறநானூற்றில் தங்கால் பொற்கொல்லனார் பாட்டில் அவள் நடு இரவில் எழுந்து, சின்ன விளக்கு வெளிச்சத்தில் பருத்தியின் செத்தையைத் தட்டிச் சுத்தம் செய்கிறாள். காட்டுப்பூனைக்குப் பயந்து கத்திய கோழி அந்த விளக்கொளியில் சேவலைக் கண்டுதான் அடங்குகிறது. வீர வாழ்க்கை பேசுகிற தொகுப்பில் இப்படி ஒரு காட்சி. நற்றிணையிலோ, ஆண் துணையில்லாத பெண்கள் பாடுபட்டு நூற்ற மெல்லிய நூல் மழைமேகத்துக்கு உவமையாகிறது. பகல் வேலை முடிந்த பிறகு கிடைத்த இருட்டு நேரம், துணையற்றவளின் பிழைப்பு என்ற இரண்டும் அன்றைக்கே கைவேலையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன.

தைப்பது அப்படி இல்லை. அது தெருத் தொழில், ஆண்கள் தொழில். சிலப்பதிகாரத்தின் புகார் நகரத்தில் துன்னகாரர் என்ற தையல்காரர்கள் மற்ற கைவினைஞர்களோடு தனிக் கூட்டமாகக் குடியிருக்கிறார்கள். சேலைக்கும் வேட்டிக்கும் ஊசி தேவையில்லை. கிழிந்ததை ஒட்டுப்போடுவதைத் தாண்டி வீட்டுப் பெண்ணுக்குத் தையலில் பெரிய வேலை இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மில் நூல் வந்து கைநூற்பை அடித்துப்போட்ட சமயத்தில்தான் ஊசி வேறொரு வாசல் வழியாக வீட்டுக்குள் வருகிறது.

அந்த வாசல் நாகர்கோவிலில் திறந்தது. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819-ல் தெற்குத் திருவிதாங்கூருக்கு வந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்திய மார்த்தா, 1820-களில் அவர்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். வாசிப்பு ஒரு வேளை, லேஸ் ஒரு வேளை. பின்னியது வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு விற்றது. அந்தப் பணத்தில் பள்ளி நடந்தது. திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை சட்டப்படியே இருந்தது, ஒழிந்தது 1855-ல்தான். அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் லேஸ் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. வீட்டோடு இருந்து செய்கிற வேலைக்கு இவ்வளவு பெரிய விளைவு கிடைத்த இடம் தமிழ்ப் பகுதியில் வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

மார்த்தாவின் மகள் எலைசா, 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். மொழியியல் வரலாற்றில் கணவரின் பெயர் நிலைத்தது. தேரிக்காட்டு மணலில் பனையேறிகள் வாழ்ந்த அந்த ஊரில் பெண்கள் பள்ளியும் லேஸும் எலைசாவின் கணக்கில் சேர வேண்டியவை. பனையேறி வீடு என்றால் பருவத்தில் பெண்ணுக்கு ஓய்வே கிடையாது. இறக்கிய பதனீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவது அவள் வேலை, காய்ச்சும்போது நகர முடியாது. லேஸ் அதற்கு நேர் எதிர். பதனீர் இல்லாத மாதங்களில் காசு வரும், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்.

அதே தெற்குத் திருவிதாங்கூரில்தான் தைத்த மேல்சட்டை ஒரு போராட்டத்துக்கே காரணமானது. நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்ற வழக்கத்துக்கு எதிராக, கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் மிஷன் குடும்பத்துப் பெண்கள் வடிவமைத்துக் கொடுத்த தளர்ந்த சட்டையை அணிந்தார்கள். 1822-லிருந்து விட்டுவிட்டுக் கலவரம், சட்டையைக் கிழித்தல், தீவைப்பு. 1829-ல் அரசாணை அவர்களுக்கு எதிராக வந்தது. கடைசியில் 1859 ஜூலை 26 பிரகடனம் சட்டை அணிய அனுமதித்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல் மேல்சீலை போடக் கூடாது என்ற வாலோடு. அந்தச் சட்டை, அதை வீட்டிலேயே வெட்டித் தைக்கத் தெரிந்த பெண்கள் இருந்ததால்தான் ஊர் ஊராகப் பரவியது. ஜாக்கெட்டின் தமிழ்நாட்டு வரலாற்றைப் பம்பாய் நாகரிகத்தோடும் ரவிவர்மா படங்களோடும் மட்டும் முடிச்சுப் போடுகிறவர்கள் இந்தப் பக்கமும் கொஞ்சம் திரும்பலாம்.

லேஸின் கதை முழுவதும் விடுதலைக் கதை என்று நினைத்துவிடக் கூடாது. ஆந்திரத்தில் கோதாவரிக் கரை நரசாபுரத்திலும் மிஷனரிகள்தான் அதைக் கொண்டுவந்தார்கள். அங்கே கொக்கி ஊசியால் பின்னுவது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே தங்கி ஆராய்ந்து 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஏற்றுமதிக்காரர்கள் சொன்னது, இவர்கள் குடும்பப் பெண்கள், சும்மா இருக்கிற நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள். மீஸ் கண்டதோ வேறு. சமையல், தண்ணீர், மாடு, பிள்ளை எல்லாம் போக, ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் லேஸ். அதைப் பெண்களே வேலை என்று சொல்லவில்லை. சும்மா இருக்கிற நேரம் என்ற பெயர் ஒட்டியதால் கூலி கீழேயே கிடந்தது. ஊருக்கும் ஏற்றுமதிக்காரருக்கும் அந்தப் பெயர் வசதியாக இருந்தது. பாதியில் எழுந்து போகலாம் என்ற சௌகரியத்துக்குப் பெண் கொடுத்த விலை இதுதான்.

இதற்கிடையில் தையல் மெஷின் வந்தது. அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846-லும் ஐசக் சிங்கர் 1851-லும் காப்புரிமை பெற்றார்கள். மெஷின் விலை அங்கேயே சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1856-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்: கொஞ்சம் முன்பணம், மீதி மாதத் தவணை. இன்றைக்கு டிவி, பிரிட்ஜ், மொபைல் எல்லாம் இ.எம்.ஐ.யில் வாங்குகிறவர்கள் கிளார்க்குக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள்தான். மெஷினை விற்க அந்தக் கம்பெனிகள் காட்டிய கவர்ச்சி நேரம். ஆண்கள் சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடம், மெஷினில் 1 மணி 16 நிமிடம் என்று வீலர் அண்ட் வில்சன் கம்பெனி கணக்கு வெளியிட்டது. கணக்கு பொய்யில்லை. மிச்சமான 13 மணி நேரம் எங்கே போனது என்பதுதான் வேடிக்கை. உடைகளில் கொசுவமும் மடிப்பும் சுருக்கமும் பெருகின. இரண்டு கவுன் போதுமென்றிருந்த வீட்டில் எட்டு கவுன் தேவைப்பட்டது. வீட்டு இயந்திரங்கள் எல்லாமே இப்படித்தான் வேலையின் அளவை ஏற்றிவிடும் என்று ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

சிங்கர் இலங்கையில் கடை விரித்தது 1877-ல். இந்தியாவிலும் இலங்கையிலும் அதன் வியாபாரத்தை வளர்த்தவர் என்.எம்.பட்டேல் என்ற பார்சி. தைக்காத துணி உடுத்துகிற ஜனங்களுக்குத் தையல் மெஷினை விற்பது லேசான காரியம் இல்லை. முதலில் வாங்கியவர்கள் தெருவோரத் தையல்காரர்கள். வீட்டுக்குள் போக இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. ரவிக்கையும் பாவாடையும் பெண் பிள்ளைகளின் கவுனும் பரவிய பிறகுதான் வீட்டில் மெஷினுக்கு வேலை வந்தது. தவணைக்காரர் மாதாமாதம் வந்து நிற்பதும், மெஷின் வாங்கியவருக்குக் கம்பெனியே தையல் கற்றுக்கொடுப்பதும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சாதாரணக் காட்சிகளாயின.

காந்திக்கும் இந்த மெஷின் கதையில் ஒரு பங்கு உண்டு. 1924-ல் டெல்லியில் சாந்திநிகேதன் மாணவர் ஒருவர் அவரிடம், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று மடக்கினார். காந்தி விதிவிலக்காகச் சிங்கர் தையல் மெஷினைச் சொன்னார். மனைவி கையால் தைத்து அல்லாடுவதைப் பார்த்துப் பொறுக்காமல், அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தாராம். மாணவர் விடவில்லை. அப்படியானால் அந்த மெஷினைச் செய்யப் பெரிய தொழிற்சாலை வேண்டுமே என்றார். வேண்டும், அது அரசின் கையில் இருக்கட்டும் என்று காந்தி ஒப்புக்கொண்டார். அந்த மாணவர் ஜி.ராமச்சந்திரன். பின்னாளில் மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து, 1947-ல் திண்டுக்கல் பக்கம் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமம் நிறுவியவர்.

உண்மைச் சிங்கர் நாடக நடிகர். பாஸ்டனில் ஒரு பட்டறையில் ரிப்பேருக்கு வந்த மெஷினைப் பார்த்துக் காசு வரும் என்று கணித்தவர். பல பெண்களோடு குடும்பம் நடத்தி இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தகப்பன். காந்தி சொன்ன கதை ஏறக்குறைய எலியாஸ் ஹோவின் வீட்டுக் கதை. அவர் உடம்பு முடியாமல் கிடந்தபோது மனைவி எலிசபெத்தான் கூலிக்குத் தைத்துக் குடும்பத்தை ஓட்டினார், அதைப் பார்த்துக்கொண்டே அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். கதை ஆள் மாறிப் போனாலும் காந்தியின் கண்ணில் பட்டது சரியான இடம்தான். கூலிக்காக நள்ளிரவில் தைக்கிற மனைவி இல்லாமல் அந்த மெஷினின் வரலாறு தொடங்குவதில்லை.

1930-களின் நடுவில் கல்கத்தாவில் பிஷன் தாஸ் பாசில் என்பவர் உள்நாட்டிலேயே மெஷின் செய்தார். அதற்கு அவர் வைத்த பெயர் மகளுடையது, உஷா. லாலா ஸ்ரீராம் கைக்கு அந்தக் கம்பெனி வந்த பிறகு, சுதந்திர இந்தியாவின் நடுத்தர வீடுகளில் கறுப்பு உடலும் தங்க எழுத்துமாக உஷா நின்றது. பெண்ணுக்குக் கொடுக்கும் சீரில் கட்டில், பீரோ, மெஷின் என்று மூன்றாவதாக எண்ணப்பட்டது. புகுந்த வீட்டில் அது வேலை செய்யுமா, மேலே துண்டு விரித்துப் பூச்சாடி வைக்கும் மேசையாகிவிடுமா என்பதை மாமியாரின் மனசும் வீட்டின் இட வசதியும் முடிவு செய்தன.

காலால் மிதிக்கும் மெஷினும் நடுவில் நிறுத்தக்கூடியதே. ஊசியைத் துணிக்குள் இறக்கி, பாதத்தை அழுத்தி வைத்துவிட்டால் துணி நகராது. திரும்பி வந்து அந்தத் தையலிலிருந்தே ஓட்டலாம். பிரவுனின் இன்னொரு நிபந்தனையில்தான் அது இடறியது. தவழுகிற பிள்ளைக்கு அது ஆபத்து. சக்கரத்துக்கும் பெல்டுக்கும் நடுவே விரலை விட்ட பிள்ளைகள், மிதியடியில் ஏறி ஊஞ்சல் ஆடிய பிள்ளைகள், ஊசி நகத்தில் இறங்கிய பிள்ளைகள் என்று ஒவ்வொரு தெருவிலும் ஒரு கதை உண்டு. அதனால் மெஷின் ஓடியது பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரத்தில். தமிழ்நாட்டில் அந்த நேரம் விரிந்ததற்குப் பள்ளிக்கூடம் ஒரு காரணம். 1956-ல் காமராசர் ஆட்சியில் தொடங்கி, 1982-ல் எம்.ஜி.ஆர். பெரிதாக விரித்த மதிய உணவுத் திட்டத்தால் ஏழை வீட்டுப் பிள்ளை நண்பகலில் சாப்பாட்டுக்காக ஓடிவர வேண்டியதில்லை என்றாயிற்று. அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பிள்ளைகளின் வயிற்றைப் பற்றிப் பேசுவார்கள், அது நியாயம். பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை தாய்க்குக் கிடைத்த தொடர்ச்சியான மதியத்தைப் பற்றியும் யாராவது எழுதலாம்.

அந்தப் பள்ளிக்கூடத்திலேயே தையல் ஒரு பாடமாகவும் இருந்தது. தையல் டீச்சர் என்று ஒருவர் இருப்பார். பெண்கள் பள்ளிகளில் வாரம் ஒரு பீரியட். வெள்ளைத் துணித் துண்டுகளில் ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், காம்புத் தையல், காஜா என்று ஒவ்வொன்றாகத் தைத்து ஆல்பத்தில் ஒட்ட வேண்டும். அரசுத் தேர்வுத் துறை நடத்தும் லோயர், ஹையர் தேர்வுகள் எழுதித் தேறி, ஆசிரியப் பயிற்சியும் முடித்தால் தையல் ஆசிரியை வேலைக்கு மனுப் போடலாம். கல்யாணத்துக்கு வரன் பார்க்கும் இரண்டு வருடத்தில் டைப்ரைட்டிங், ஹிந்தி, தையல் கிளாஸ் என்று மூன்றில் ஒன்றாவது போவது 1970-களின் ஊர் வழக்கம். லோயர் பாஸ் பண்ணிய பெண்கள் நிறையப் பேர் ஆசிரியை ஆகவில்லை. தெருவுக்கே ஜாக்கெட் தைக்கிற அக்கா ஆனார்கள்.

அந்த அக்காவின் நாள் எப்படிப் பிரிந்திருக்கும் என்று பார்த்தால் கைவேலையின் வரலாறு கையடக்கமாகக் கிடைக்கும். அளவு ஜாக்கெட்டை விரித்து, சாக்பீஸால் கோடு போட்டுத் துணியை வெட்டுவது மட்டும் எழுந்து போக முடியாத வேலை. கத்தரி ஓடும்போது கவனம் சிதறினால் அடுத்த வீட்டுப் பட்டுத் துணிக்குப் பதில் சொல்ல வேண்டும். அது இரவில், எல்லோரும் படுத்த பிறகு. முதுகும் முன்பக்கமும் கையும் மூட்டுகிற நேர்த்தையல் மதியத்தில். பாபினில் நூல் சுற்றி வைப்பதைப் பள்ளியிலிருந்து வந்த பெண் பிள்ளை செய்யும். ஊக்கு வைப்பது, ஓரம் மடித்துக் கையால் தைப்பது, காஜா எடுப்பது எல்லாம் சாயங்காலம், பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டோ சீரியல் பார்த்துக்கொண்டோ. சேலைக்கு ஃபால்ஸ் தைப்பதும் அந்த நேரத்து வேலைதான். ஜாக்கெட் ஒன்றுக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியாது. துண்டு துண்டாகப் போன நேரம் யார் கணக்கிலும் ஏறவில்லை. கூலி கேட்கும்போது குரல் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அரசும் இந்த மெஷினை நம்பியது. 1967-ல் அண்ணா அமைச்சரவையில் இருந்த சத்தியவாணி முத்துவின் பெயரில் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. விதவைகள், கைவிடப்பட்ட பெண்கள், மாற்றுத்திறனாளிகள், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள பெண்கள் அதில் மனுச் செய்யலாம். சங்கப் பாட்டின் துணையற்ற பெண்ணை அரசாணை நேராகவே பெயர் சொல்லி அழைக்கிறது. சமூக நலத்துறையின் கீழ் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. 1980-களின் நடுவிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் இலவசச் சீருடையைத் தைப்பது இவர்கள்தான். சங்கத்தில் வெட்டிய துணியைக் கட்டாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், தைத்துக் கணக்குக் கொடுக்க வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன்னால் எல்லா வீட்டிலும் ஒரே நிறத் துணி. தன் பிள்ளை அணியப்போகும் சட்டையைத் தைத்துக் கூலி வாங்குகிற தாயும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்.

தையல் தெரியாதவர்களுக்கு ஒயர் கூடை. 1970-கள், 80-களில் பிளாஸ்டிக் ஒயர் கட்டுகள் கடைகளில் வந்து குவிந்தபோது அந்தப் பைத்தியம் ஊரெங்கும் பிடித்தது. மெஷின் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், கை கழுவ வேண்டாம். ஒரு கத்தரியும் ஒயரும் போதும். அடியை முதலில் போட்டு, பக்கங்களை எழுப்பி, கடைசியில் கைப்பிடிக்குள் ட்யூப் செருகிச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு முடிச்சும் தன்னளவில் முடிந்தது. பேருந்து வந்துவிட்டால் அப்படியே சுருட்டிப் பையில் போட்டு ஏறிவிடலாம். சாதா முடிச்சு, நெல்லிக்காய், சிவன் கண் என்று பெயர்கள் வேறு. சிவன் கண் போடத் தெரிந்தவளுக்குத் தெருவில் தனி மரியாதை. லேஸின் குண்டூசிக்கு இணையான வசதியை இவ்வளவு மலிவாகக் கொடுத்த வேறு கைவேலை இல்லை என்றே சொல்லலாம். பிளாஸ்டிக் கவர் வந்து கூடையை ஓரங்கட்டியது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது, அதே பிளாஸ்டிக்கில் பின்னிய கூடை மாற்றுப் பொருளாக மறுபடி மார்க்கெட்டுக்குப் போனது. 2021 டிசம்பரில் தொடங்கிய மீண்டும் மஞ்சப்பை இயக்கம் சுயஉதவிக் குழுப் பெண்களின் மெஷினுக்குப் புது வேலை கொண்டுவந்தது. அதற்கு முந்தைய வருடம் கொரோனாக் காலத்தில் முகக்கவசம் தைத்த அதே மெஷின்கள்.

திருப்பூரில் வீட்டுக் கைவேலைக்கு இன்னொரு முகம் உண்டு. பனியன் கம்பெனிக்குப் போக முடியாத பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறார்கள். மூட்டையாக வருவதை எண்ணி வாங்கி, நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களை வெட்டி, எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும், பீஸ் ரேட்டுக்கு. இதைப் போன்ற வீட்டுவேலைக்காரர்களுக்கும் மற்றத் தொழிலாளருக்குள்ள உரிமைகள் வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் 177-ஆம் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. அதற்காக உலக அளவில் போராடியவர்களில் ஆமதாபாத்தின் பெண் தொழிலாளர் அமைப்பான சேவா முன்வரிசையில் நின்றது. இந்தியா அதில் கையெழுத்திட்டு ஏற்கவில்லை.

மெஷினுக்கு மோட்டார் வைக்கும் பழக்கம் வந்ததும் கால்வலி குறைந்தது, வேகம் கூடியது. 2008-லிருந்து சில வருடங்கள் தமிழ்நாட்டில் மணிக்கணக்காகக் கரண்ட் போனபோது, மோட்டார் வைத்தாலும் மிதிக்கட்டையைக் கழற்றிப் போடாதவர்கள் தப்பித்தார்கள். மதியம் கரண்ட் இருக்கும் நேரத்துக்கு ஏற்ப அடுப்பு வேலையை முன்னும் பின்னும் தள்ளுவது என்ற புதுக் கணக்கும் சேர்ந்துகொண்டது.

இப்போது வீட்டுத் தையலின் ராஜா ஆரி. கட்ச் பகுதியில் செருப்புத் தைக்கிற மோச்சிகளின் கொக்கி ஊசியிலிருந்து வளர்ந்த அந்த வேலை, சென்னையில் நெடுங்காலம் பட்டறைகளில் ஆண்கள் கையில் இருந்தது. கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் கல்யாண ஜாக்கெட்டுக்கு மணியும் ஜரிகையும் வைத்து நிரப்புவது பரவ, சின்ன ஊர்களிலும் ஆரி வகுப்புகள் வந்துவிட்டன. யூடியூபில் பார்த்துக் கற்றவர்களும் ஏராளம். ஜாக்கெட் தைக்கும் கூலியைவிடப் பல மடங்கு அதன் மேல் போடும் வேலைக்குக் கிடைக்கிறது. ஆனால் ஆரி கேட்பதும் அதிகம். துணியை மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். ஊசியை வைத்துவிட்டு எழுந்து போகலாம். சட்டத்தை மடித்துப் பரணில் போட முடியாது. கூடத்தில் பாதி இடம் ஒரு வாரத்துக்கு அதற்கே. மணிகளும் கற்களும் சிதறும், சின்னப் பிள்ளை வாயில் போடும். வீட்டின் இடுக்கில் நுழைந்து பழகிய கைவேலை முதல் முறையாக வீட்டில் ஒரு நிரந்தர இடம் கேட்கிறது. இரண்டு அறை வாடகை வீட்டில் அந்த இடம் கட்டிலைச் சுவரோரம் தள்ளி உண்டாக்கப்படுகிறது.

வைகாசி, ஆவணி, தை என்று முகூர்த்தம் நெருங்கும் மாதங்களில் ஆர்டர் மேல் ஆர்டர். மணப்பெண் ஜாக்கெட் ஒன்றுக்கே நாலைந்து நாள் பிடிக்கும். மதியத் தூக்கம் போய், இரவு பதினொரு மணி வரை விளக்கு எரியும். ஆடி வந்ததும் கல்யாணம் இல்லை, ஆர்டர் விழுந்துவிடும். அந்த ஒரு மாதத்தில் அதே சட்டத்தைச் சுற்றிப் பக்கத்துத் தெருப் பெண்களை உட்காரவைத்து வகுப்பு நடத்துகிறார்கள். நேரம் காலை பத்தரை முதல் பன்னிரண்டரை. அதற்கு மேல் மாணவிகள் சமைக்கப் போக வேண்டும்.